ஞாயிற்றுக்கிழமை ஆசிட்

ஆட்டையாம்பட்டிக்கு வெளியே குமரகுருவின் ஆலையில் மரவள்ளி மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு எடுக்கிறார்கள். முன்பெல்லாம் மாவில் ஆசிட் ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். பிறகு ஆசிட்டை முறிக்கச் சலவைச் சோடா போடுவார்கள். அந்த உப்புக் கழிவு இறங்கி, பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் செல்லியம்மாளின் கிணறு கரித்துப்போனது.

ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்த சத்யபிரியா, ஆசிட்டின் வேலையை என்சைம் எனும் நொதியைக் கொண்டு செய்ய இரண்டு வருடம் பாடுபட்டாள். மூன்று தொட்டி மாவு வீணானபோதும் குமரகுரு கோபிக்கவில்லை. "பண்ணுங்க அம்மணி, நானிருக்கேன்" என்றார். அன்றிலிருந்து அவரை அண்ணா என்றே அழைத்தாள்.

ஒருவழியாகப் பாகு தெளிந்து வந்தது. இரண்டு மழைக்குப் பின் கிணறும் தேறியது. சத்யபிரியாவே ஒரு சொம்பு மொண்டு குடித்துக் காட்டி, "இனிமே பயமில்லைங்கக்கா, மாட்டுக்குத் தாராளமா வையுங்க" என்றாள்.

சித்திரையில் செல்லியம்மாள் ஆலைக்கே வந்தாள்.

"தண்ணி மறுக்காவும் கரிக்குது அம்மணி. மாடு கழிஞ்சுகிட்டே கெடக்குது."

"வெயிலுக்குத் தண்ணி கொறைஞ்சதால இருக்குமுங்க" என்று சத்யபிரியா அனுப்பிவைத்தாள். மனம் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையன்று, யாரிடமும் சொல்லாமல், தான் குடியிருக்கும் ராசிபுரத்திலிருந்து ஆலைக்குப் பஸ் ஏறினாள்.

நொதித் தொட்டி காலியாக இருந்தது. பின்கொட்டகையில் பழைய ஆசிட் தொட்டி கொதித்தது. அருகில் குமரகுரு.

"எத்தனை நாளாங்கண்ணா?"

"தை மாசத்துலிருந்து. நீங்க வராத நாள் மட்டும். ஆர்டர் நெறைய. உங்க என்சைமுக்கு ரெண்டு நாள் வேணும், இது வெரசா முடிச்சுருது."

"ஆசிட்டே தொடறதில்லைன்னு வாங்கறவங்களுக்கு நாந்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"அதனாலதான் அம்மணி அவிங்க நம்பறாங்க."

அதை அவர் பாராட்டாகவே சொன்னார். சத்யபிரியா போனை எடுத்துத் தொட்டியைப் படம் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை, அவள் யாரிடமும் காட்டமாட்டாள் என்று அவ்வளவு உறுதியாக நம்பினார்.

நேரே செல்லியம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவன் செய்வான்னு எனக்குத் தெரியும்" என்றாள் செல்லியம்மாள். "உன்னைய நம்பித்தான சாமி மாட்டுக்கு வெச்சேன்."



மறுநாள் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். தொட்டியின் படத்தோடு, தான் கையெழுத்திட்ட சான்றிதழ்களின் நகலையும் சத்யபிரியா மனுவோடு இணைத்தாள்.

"உம்பேரும் கெடுமே?" என்றாள் கூட வந்த செல்லியம்மாள்.

"கெடட்டுங்க."

ஆடிக்குள் ஆசிட் தொட்டிக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பக்கத்து ஆலைகள் எதிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. வாழப்பாடியில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். குமரகுரு இரண்டு முறை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.