எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் சீனிதான்

அண்ணையைப் பார்க்க வந்த சனம் முழுக்கப் பாவக்காயோடுதான் வந்தது. பை பையாகப் பாவக்காய், குரக்கன் மா, வெந்தயம், சீனி போடாத பிஸ்கட். எங்கள் சொந்தக்காரருக்கு ஒரு நோயாளி வீட்டுப் படலையைத் திறந்தவுடனேயே வைத்தியர் பட்டம் கிடைத்துவிடும். கட்டிலின் கால்மாட்டில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, விடிய வெறும் வயிற்றில் பாவக்காய்ச் சாறு குடித்துத் தங்கள் சீனியை இறக்கிய வீரக்கதையை ஒவ்வொருவராக ஒப்புவிப்பார்கள். அண்ணை சீவரத்தினம் அதையெல்லாம் கேட்டபடி கிடப்பார். அவருடைய கண் இரண்டும் மஞ்சள் பூத்துப் போயிருந்தன. அது ஏன் என்று அந்த வைத்தியர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அண்ணைக்கு இருந்தது சதையியில், அதாவது கணையத்தில், புற்றுநோய். ஈரல்வரை போய்விட்டது. அதை வெறும் நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், என்று ஊருக்கு அறிவித்தவள் அண்ணையின் மனைவி, என் மச்சாள் குணலட்சுமி. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. முதலில் பிடிபட்டது சீனிதான். அறுபது வயதுவரை பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தும் ஒன்றும் வராத மனிதருக்குத் திடீரென்று சீனி ஏறியது. கூடவே உடம்பு வற்றியது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்டில் ஆணியால் குத்திப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். சீனிக்காரர் மெலிவது வழமைதானே என்று வீடு ஆறுதல்பட்டது. கோயில் வீதியில் நடக்க வைத்துத் தான்தான் அவரை மெலிய வைத்ததாக மச்சாள் பெருமையும் அடித்தாள். பிறகு முதுகு நோவு வந்து, மஞ்சள் வந்து, ஸ்கான் எடுத்த பிறகுதான் புற்றுநோய்ப் பிரிவு டொக்டர் மச்சாளையும் என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

"இது சீனியாலை வந்த கான்சர் இல்லை, அம்மா. கான்சராலை வந்த சீனி."

மச்சாளின் காதில் அதில் பாதிதான் ஏறியது என்று நினைக்கிறேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டொக்டர் கேட்டபோது அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"இல்லை டொக்டர். இவையின்ரை வீட்டிலை எல்லாருக்கும் சீனிதான்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எங்கள் பெரியக்கா எதனால் செத்தா? மார்பில் கட்டி வந்து, அது உடைந்து, அறைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டிய அளவுக்கு மணத்துத்தான் செத்தா. சீனிப்புண் ஆறவில்லை என்று அம்மா ஊருக்குச் சொன்னா. எனக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதற்காகவாம். அந்தக் கலியாணம் நடக்காமல் போனது வேறு விஷயம். அப்பாவின் தமக்கையும் அதே இடத்தில் வந்த அதே சீனிப்புண்ணோடுதான் போய்ச் சேர்ந்தவ. அதையெல்லாம் நான் அந்த மேசைக்கு முன்னால் கொட்டினேன். மச்சாள் என்னை முறைத்த முறைப்பில் டொக்டரே பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார்.

அண்ணையின் இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வந்ததும் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உடம்பின் உயிர்க்கலங்கள் பெருகும்போது வரும் பழுதுகளைத் திருத்துவதற்கென்று ஜீன் என்கிற ஒரு பரம்பரை அலகு இருக்கிறது, எங்கள் குடும்பத்தில் அந்தத் திருத்துகிற அலகிலேயே ஒரு விகாரம். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு வர அரைவாசிச் சாத்தியம். பெண்களுக்கு மார்பிலும் சூலகத்திலும் காட்டும், சிலருக்குச் சதையியில் காட்டும். முதலே தெரிந்தால் நேரத்தோடு கவனித்து ஆளைக் காப்பாற்றலாம் என்றார். மகளும் சகோதரியும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று மச்சாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அடுத்த நாளே இரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. இப்போது ஒழுங்காக ஸ்கானுக்குப் போய்வருகிறேன், தபால் கந்தோர் வேலைக்கும் போகிறேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

மகள் கஜந்தினி அவர்களுக்கு ஒரே பிள்ளை. நெல்லியடியில் வங்கி வேலை. அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் கேட்டபோது மச்சாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தாலி ஏறட்டும், பராசக்தி. பிறகு வெளிநாட்டிலை போய் என்னத்தை எண்டாலும் பாக்கட்டும். உமக்கென்ன, நீர் தனி ஆள்."

தனி ஆள் செத்தால் பந்தல் செலவு குறைவு என்று அவளுக்கு நினைப்பு. யாழ்ப்பாணத்தில் சீனி ஒரு குறையில்லை, வீட்டுக் கிணறு மாதிரி எல்லாரிடமும் இருக்கிறது. கலியாணத் தரகர் காணி கேட்பார், நட்சத்திரம் கேட்பார், சித்தப்பன் யாரை மணம் முடித்தவன் என்று கேட்பார், சீனியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கான்சர் என்ற சொல் காதில் விழட்டும், உடனே பரம்பரை என்பார். அந்த ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சனத்துக்கு விஞ்ஞானம் தெரியும்.  கஜந்தினி அன்று தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்தாள். இதுவும் ஒரு வாயில்லாப் பூச்சி என்று நான் வெறுத்துப்போய் வந்துவிட்டேன்.

இனி அண்ணைக்கு விருப்பமானதைக் கொடுங்கள், ஏறுகிற சீனியை ஊசியால் சமாளிக்கலாம் என்று டொக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார். ஆனால் விறாந்தையில் யாராவது இருந்தால் அண்ணைக்குச் சீனி போடாத வெறும் சாயத் தேத்தண்ணீர்தான். ஒருநாள் அவர் எல்லாருக்கும் முன்னால் கோப்பையைக் காட்டி, கொஞ்சம் சீனி என்று கேட்டார்.

"சீனிக்காரருக்கு வந்த ஆசையைப் பாருங்கோ," என்று மச்சாள் சிரித்தாள்.

பாவக்காய்க் கூட்டமும் சேர்ந்து சிரித்தது. அண்ணை அந்தக் கசப்பை மிடறு மிடறாகக் குடித்து முடித்தார். அவர்கள் படலையைத் தாண்டிய பிறகு மச்சாள் குசினிக்குள் நின்று அழுதாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அழுதபடியே சீனியை அள்ளிப்போட்டு ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை வாங்கிக் குடித்தவள் கஜந்தினி. 

அண்ணை போய், வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிந்தது. அதுவரை பொறுத்திருந்த தரகர் அந்தக் கிழமையே வந்துவிட்டார். நல்லூர்ப் பகுதி, மாப்பிள்ளை சுபாஸ்கரன் நோர்வேயில், சாதகம் நல்ல பொருத்தம். மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் பெண் பார்க்க வந்தார்கள். வரும்போது பேச்சுத் துணைக்கு நானும் இருக்க வேண்டுமாம், ஆனால் பேசக்கூடாதாம். மச்சாள் அப்படித்தான் சொல்லிக் கூப்பிட்டாள். போகாமல் விட்டிருக்கலாம். பிள்ளைக்காகப் போனேன்.

மாப்பிள்ளையின் தாய் கதிரை நிறைய இருந்தா. கழுத்திலும் கையிலும் கிடந்த தங்கம் அவவுக்கு முன்னதாகவே பேசிக்கொண்டிருந்தது. காணி விசாரித்து, சீதனம் ஒன்றும் வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லி, அதைத் தரவேண்டிய விதத்தையும் சொல்லி முடித்துவிட்டு, அண்ணையின் படத்தைப் பார்த்தா.

"அவர் என்னத்திலை தவறினவர்?"

"சீனிதான். கடைசியிலை எல்லாத்தையும் தாக்கிப்போட்டுது," என்றாள் மச்சாள்.

"எங்கடை இவருக்கும் சீனிதான். இப்பதான் பிடிச்சது. அதுதான் ஆள் இப்பிடி மெலிவு."

அந்தப் பதில் வந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். நான் அப்போதுதான் தகப்பன் இளையதம்பியைச் சரியாகப் பார்த்தேன். சேட்டுக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துப் போகும். பெல்டின் நுனி இடுப்பைச் சுற்றிப் போய்ப் பக்கவாட்டில் தொங்கியது. அதில் ஆணியால் குத்திய புது ஓட்டை, ஓரம் பிய்ந்துபோய். முதுகை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அவருக்கு இருக்க முடியவில்லை.  இரண்டு வீடும் ஒரே பொய்யைக் கட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு பிள்ளையை வைத்துப் பொருத்தம் பார்க்கின்றன. இதைவிடப் பத்துப் பொருத்தம் எந்தச் சாத்திரி சொல்லுவான்?

அவர் பயத்தம் பணியாரத் தட்டுக்குக் கை நீட்டினார். மனைவி தட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டா.

"சீனிக்காரருக்கு வந்த ஆசையைப் பாருங்கோ."

மச்சாளும் தரகரும் சிரித்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த கஜந்தினி வாசலில் அப்படியே நின்றாள். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனாள். வெட்கப்பட்டுவிட்டாள் என்று தரகர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சீனிப் போத்தலோடு வந்து, இளையதம்பியின் கோப்பையில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். மச்சாள் அவளுடைய பேரைச் சொல்லி அதட்டினாள். அவள் திரும்பவில்லை.

"மாமா, டொக்டர் உங்களை இனிப்புச் சாப்பிடச் சொல்லித்தானே விட்டவர்?"

அவர் மனைவியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை."

"எங்கடை அப்பாவுக்கும் அப்பிடித்தான் சொன்னவர். அவருக்கு இருந்தது கான்சர். அது எனக்கும் இருக்கோ எண்டு பாக்க வேணும். நாளைக்குப் பராசக்தி மாமியோடை இரத்தம் குடுக்கப் போறன்."

 மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். இவளையா வாயில்லாப் பூச்சி என்றேன் என்று என்னையே நொந்துகொண்டேன். இளையதம்பி தேத்தண்ணீரை ஊதாமலே குடித்தார். பாதியில் நிறுத்தி, சுவரில் கிடந்த அண்ணையின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். "உந்த இரத்தம்... ஆம்பிளைப் பிள்ளையளும் குடுக்கலாமோ?"

குடுக்கலாம் மாமா என்றாள் கஜந்தினி. அவர் கோப்பையை அவளிடம் மறுபடி நீட்ட, அவள் இன்னொரு கரண்டி போட்டாள். மாப்பிள்ளையின் தாய் பணியாரத் தட்டை மடியில் வைத்தபடி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தா.