திருத்தாமல் விட்ட வரி

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். ஜன்னல் பக்கம் மகள். எதிரே கணவர், செய்தித்தாளுக்குப் பின்னால். நடுவில், மகளின் மடிக்கணினி முன்னால், அவள் அம்மா பெரியவள். பதினான்கு வருடம் கழித்து மறுபடி ஜாவா நிரல் எழுத உட்கார்ந்திருந்தாள்.

எதையும் ஏற்ற வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும் என்று மகள் சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை. அந்தக் காலத்தில் கணினி மையத்தில் ஜாவாவை ஏற்றவே அவளுக்கும் தங்கை சின்னவளுக்கும் இரண்டு நாள் பிடித்தது. ஒரே நாற்காலி, ஆளுக்குப் பாதி. சின்னவள் யோசித்துச் சொல்வாள், பெரியவள் தட்டுவாள். கோப்புக்கு ஒரு பெயர், உள்ளே கிளாஸுக்கு வேறு பெயர் என்று எப்போதும் மாற்றி வைப்பாள்; இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நிரல் ஓடாது. சின்னவள் பென்சிலால் அவள் விரலில் ஒரு போடு போட்டுத் தானே திருத்துவாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசிப் பிராஜக்டின் முகப்பில் மட்டும் பெரியவள் தன் பெயரை மாத்திரம் போட்டாள். அதைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. சின்னவள் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. திறந்த நாளோடு பேச்சு நின்றது. ஆறு வருடமாகிறது.

பத்து வரி எழுதியதும் திரையில் சிவப்புக் கோடு. அதே பழைய தப்பு. பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் திருத்தக் கை நீட்டினாள்.

"தொடாதடி."

"இப்படியே விட்டா ஓடாதும்மா."

"ஓட வேணாம். உன் சித்தி கண்ணுல பட்டா சும்மா இருக்க மாட்டா."

இந்தப் பக்கத்தின் லிங்க் கையில் இருந்தால் யாரும் எங்கிருந்தும் இதே கோப்பில் எழுதலாமாம். பெரியவள் எல்லாவற்றுக்கும் மேலே, எழுதியவர்கள் என்று ஒரு குறிப்பு வரி சேர்த்து, சின்னவளின் பெயரை முதலில் தட்டினாள். தன் பெயர் அப்புறம்.

தன் போனிலிருந்து அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். தூது விட்டு ஆகிற காரியமில்லை என்றாள் பெரியவள். பெரியவளின் நம்பரையோ சின்னவள் எப்போதோ தடுத்து வைத்துவிட்டாள்.

"தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது," என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமலே.

கோடு போட்ட தாளில் லிங்கை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினாள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அடிக்கோடு, பூஜ்யத்துக்குள் சாய்கோடு. மகளை இருமுறை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். கீழே: 'அன்றைக்கு உன் பெயரை விட்டது மறதியில்லை. தெரிந்துதான் விட்டேன். இதில் ஒரு தப்பு இருக்கிறது, வந்து பார்.'

பசை தடவி உறையை ஒட்டினாள். வீட்டுச் செருப்போடே தெருமுனை வரை நடந்தாள். தபால்பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்துச் சற்று நின்று, விரல்களை விட்டாள்.