பருப்புக் கேன்

பங்குனி உத்திரத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு, முந்நூறு பேருக்கான சாம்பார் அண்டாவின் முன்னால் நின்றுகொண்டு, ஒச்சம்மா ஒரு துவரம்பருப்பை விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். அது நசுங்குவேனா என்றது. வழுக்கிக்கொண்டு கீழே விழுந்து, தரையில் உருண்டு, விறகுக்கட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

ஏழு மணிக்கு ஏற்றிய அடுப்பு அது. இரண்டரை மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்த பருப்பு, குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி முழுசாக, மினுமினுவென்று இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் காவடி வந்துவிடும். காவடி இறங்கியதும் பந்தி போட்டாக வேண்டும்.

“பாவிப்பய கப்பல்!” என்று ஒச்சம்மா கத்தினாள். “மூணு மாசம் கெடங்குல போட்டு வச்சுட்டு, பழைய பருப்ப நம்ம தலையில கட்டிருக்கான்!”

போர்ட் பிளேயரில் எது கெட்டாலும் பழி கப்பலுக்குத்தான். வெங்காயம் அழுகினால் கப்பல், மருந்து தீர்ந்தால் கப்பல், பருப்பு வேகாவிட்டாலும் கப்பல்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம் ஆன ஒச்சம்மாவுக்கு இன்றைக்குத் தோற்கிற உரிமை கிடையாது. போன வருஷம் இதே பந்தியில் உட்கார்ந்து, ஒரு வாய் சாம்பாரை விழுங்கிவிட்டு, “என்னா இது, நாக்குல சோப்பு நக்குன மாதிரி கசக்குது?” என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள்தான். பதினோரு வருஷமாகக் கோயில் சமையலைச் சம்பளம் வாங்காமல் செய்துவந்த காண்ட்ராக்டர் சொக்கலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப அடுத்த வருஷம் நீங்களே கரண்டியப் பிடிங்க” என்றார். “பிடிக்கிறேன். என் சாம்பார் சரியில்லைன்னா இந்தக் கொட்டகைப் படிய இனி நான் மிதிக்க மாட்டேன்” என்று அத்தனை பேர் முன்னால் முருகன்மேல் சத்தியம் செய்துவிட்டாள் இவள். நாக்கு நீளமென்றால் இப்படித்தான்.

சும்மாவும் வந்துவிடவில்லை. மலைமேல் இருக்கிற குவார்ட்டர்ஸில், தன் வீட்டு அடுப்பில், நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நாலு தடவையும் பருப்பு அரை மணியில் வெண்ணெயாகக் குழைந்தது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை பார்க்கிற அவள் புருஷன் நாலு நாளும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதே கடை, அதே மூட்டை, அதே கை. பிறகு ஏன்?

அடுப்பில் இன்னும் நாலு விறகைத் திணித்தாள். புகை கண்ணைக் கரித்தது, அழுகையும் சேர்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்துச் சொக்கலிங்கம் உள்ளே வந்தார். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“ரெண்டு கை போடுங்க. பத்தே நிமிஷம், கரைஞ்சிரும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

பிரித்துப் பார்த்தாள். சோடா உப்பு.

“அண்ணே! அந்தக் கசப்பு இதுதானா?”

“பின்னே? பதினோரு வருஷமா இங்க எந்தப் பருப்பும் வெந்ததில்லம்மா. கப்பல் பருப்பு பழசுன்னு நெனச்சேன். பருப்பு வேக வைக்கத் தெரியாத சமையக்காரன்னு பேர் வாங்கவா முடியும்? பேசாம போடுங்க.”

கை நீண்டுவிட்டது என்பதுதான் உண்மை. ஒரு பிடி போட்டால் பந்தி நடக்கும், சத்தியமும் ஒருவகையில் பிழைக்கும். ஆனால் அந்தச் சோப்புக் கசப்பை முந்நூறு பேர் நாக்கில் மறுபடியும் தடவி, அதற்குத் தன் பேரையும் வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாழையிலை கழுவிக்கொண்டிருந்த சௌமியா இதையெல்லாம் கேட்டபடி வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள். கோயிலுக்குக் கீழே பள்ளத்துச் சந்தில் குடியிருப்பவள். அண்டாவின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு மாதிரிப் பொருக்குப் பொருக்காக வந்தது.

“அக்கா, பருப்பு நல்ல பருப்புதான். இது எங்க வீட்டுக் குழாய்ப் பானி. கோயிலுக்கும் எங்க சந்துக்கும் ஒரே போர்வெல்தான, ஒரே டேங்க்குதான. இந்த காரா பானியில, உப்புத் தண்ணியில, நாள் பூரா வச்சாலும் பருப்பு வேகாது.”

ஒச்சம்மா அந்தப் பொருக்கை விரலில் வாங்கிப் பார்த்தாள். பள்ளத்துச் சந்துப் பெண்கள் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லாத நாள் கிடையாது. சோப்பு நுரைக்கவில்லை, கெட்டில் பொருக்கேறிவிட்டது, கீசர் கம்பி வருஷத்துக்கு ஒன்று போகிறது, துவைத்த துணி அட்டை மாதிரி விறைக்கிறது, தலைமுடி தேங்காய் நாராகிவிட்டது என்று புலம்புவார்கள். மழைத்தொட்டி வைத்த வீட்டில் வாழும் ஒச்சம்மா அதைக் கேட்டுவிட்டு, “கை வணங்காத சோம்பேறிக, தண்ணியக் குத்தஞ் சொல்லுறாளுக” என்று சொல்லித் திரிந்திருக்கிறாள். ஒருமுறை சௌமியாவின் காதுபடவே சொன்னாள்.

“அப்ப நீங்கள்லாம் எப்புடிடி பருப்பு வேக வைக்கிறீங்க?”

“வீட்டுக்கு ஒரு பருப்புக் கேன் இருக்குல்ல?” என்றாள் சௌமியா. “வேலைக்குன்னு ஃபெர்ரியில அக்கரைக்கு, பாம்பூஃப்ளாட் போறவங்க, அங்க ஊத்துல அஞ்சு லிட்டர் பிடிச்சுட்டு வருவாங்க. பருப்புக்கும் டீக்கும் மட்டும்தான் அது. அதுல பிள்ளைங்க வாய் கொப்பளிச்சாக்கூட அடி விழும்.”

“எத்தன வீடு இருக்கீக?”

“பதினேழு.”

பதினேழு கேன், எண்பத்தைந்து லிட்டர்! கொட்டகை மூலையில் சாயங்காலப் பந்திக்கு வைத்த இன்னொரு பருப்பு மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது! ஒச்சம்மா சௌமியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டா தருவாளுகளா?”

சௌமியா அவளை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்க வந்து கேளுங்க.”

கேட்காமல் என்ன செய்வது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். நடுச்சந்தில் நின்று, மூச்சு வாங்க, ஒவ்வொரு வாசலையும் பார்த்துக் கத்தினாள். “ஏத்தா! உங்களச் சோம்பேறின்னு சொன்னேன். என் வாய்க்கொழுப்பு, தப்புத்தான். இப்ப எம்பருப்பு வேக மாட்டேங்குது. ஆளுக்கொரு கேன் குடுங்க!”

ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன. பிறகு கடைசி வீட்டிலிருந்து ஒருத்தி கேனோடு வந்தாள். “தேக்கோ, இங்க பாருங்க, ஒச்சம்மாக்காவே வந்துட்டாங்க!” என்று ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. கதவுகள் திறந்தன. மஞ்சள் கேன், வெள்ளைக் கேன், எண்ணெய் வாங்கிய கேன், ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் வீட்டுக்காரி பேர். “ஜல்தி, ஜல்தி!” என்று கத்திக்கொண்டு பதினேழு பெண்களும் சரிவில் ஏறினார்கள். வழியில் சொக்கலிங்கம் ஓடிவந்து கைக்கு இரண்டாக வாங்கிக்கொண்டார். அவருக்கு வேட்டி அவிழ்ந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பத்தேகாலுக்குப் புது அண்டா ஏறியது. பதினொன்றுக்குப் பருப்பு மேலே மேலே எழும்பிப் புரண்டது. பதினொன்றே காலுக்கு ஒச்சம்மா ஒன்றை எடுத்து நசுக்கினாள். விரலில் மஞ்சளாகப் பூசிக்கொண்டது.

“வெந்துருச்சு! வெந்துருச்சுடி!” என்று அவள் போட்ட கூச்சலில் சௌமியா பூசணிக்காயை நழுவவிட்டாள். சொக்கலிங்கம் தானும் ஒன்றை எடுத்து நசுக்கினார், இன்னொன்றையும் நசுக்கினார். பதினோரு வருஷம் பார்க்காத காட்சி, பாவம். காய் விழுந்தது, புளி விழுந்தது, பெருங்காய வாசனை காவடி மேளத்தை எதிர்கொண்டு தெருவுக்கே போய்விட்டது.

முதல் பந்தியில் சொக்கலிங்கம் உட்கார்ந்தார். பிசைந்தார், வாயில் வைத்தார். ஒச்சம்மா கரண்டியோடு நின்றாள். அவர் பாதி இலையைக் காலி செய்துவிட்டு, நிமிராமலே, “ஊத்துங்க” என்றார். அதற்குள் வரிசை முழுக்க அதே குரல்தான்.

அப்போது கமிட்டி செயலாளர் அன்பழகன் மைக்கைப் பிடித்து உபயம் வாசித்தார். அரிசி உபயம் இன்னார், பருப்பு உபயம் இன்னார், காய்கறி உபயம் இன்னார். “இந்த ஆண்டு சாம்பார், திருமதி ஒச்சம்மா அவர்கள்!” கைதட்டல் எழுந்தது. வருஷம் முழுக்க ஒச்சம்மா ஆசைப்பட்டுக் காத்திருந்த கைதட்டல்.

அவள் விடுவிடுவென்று போய் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். “ஒன்னு விட்டுப்போச்சு” என்றாள். சுவரோரம் அடுக்கியிருந்த காலிக் கேன்களில் ஒன்றைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி எழுத்தைப் பார்த்தாள்.

“தண்ணி உபயம்...” கேனைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். “பள்ளத்துச் சந்து, சௌமியா.”

பந்தியில் சௌமியாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. ஒச்சம்மா அடுத்த கேனை எடுத்தாள்.

“பள்ளத்துச் சந்து, புஷ்பா.”