எழுந்து நிற்காத இத்வால்

அந்தக் கோடையில் மழை விட்டது நாலே நாள். நாலு நாளும் இத்வால் ப்ரோதரோ மலைச்சரிவில் புல்லை அறுத்து, காயவைத்து, கொட்டகையில் அடைத்தார். அறுபது வயது, இருநூறு ஆடு, துணைக்கு ஆளில்லை. ஐந்தாம் நாள் மனைவி லோரியுடன் எங்கள் வேல்ஷ் மொழிக் கவிதைப் போட்டிக்கு வந்து, பக்கத்துப் பண்ணைக்காரனான எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

போட்டிக்குப் புனைபெயரில்தான் எழுதி அனுப்ப வேண்டும். மேடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் ஜெயித்தவர் எழுந்து நிற்க வேண்டும். பரிசு, ஓக் மர நாற்காலி.

"கற்சுவர்!" மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. இத்வால் தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் போட்டிக்கு எழுதியதே லோரிக்குத் தெரியாது.

"சரி, கவிதையையாவது கேளுங்க" என்று நடுவர் படிக்கத் தொடங்கினார். நொண்டும் கிழட்டு ஆட்டைத் தோளில் சுமந்து ஒருவன் சரிவில் இறங்குகிறான். பாதி வழியில் உட்கார்ந்து ஆட்டிடம் சொல்கிறான்: என்னால் இனி ஆகாது. அவளிடம் எப்படிச் சொல்வேன், இது அவள் அப்பா விட்டுப்போன மண்.

அந்த ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டவளே லோரிதான். மெல்ல எழுந்தாள்.

"இது என் வீட்டுக்காரர் எழுதினது. தூங்குறாரு. எழுப்பாதீங்க."

"அப்புறம் நாற்காலிய யாருக்கும்மா குடுக்குறது?"

"அது எங்கேயும் ஓடிடாது. மனுஷன் நாலு நாளா படுக்கவே இல்ல."

சபை சிரித்த சிரிப்பில் அவரே விழித்துக்கொண்டார்.

என் வேனில்தான் நாற்காலியோடு திரும்பினார்கள்.

"ஏன் இத்வால், ஊருக்கே சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"உன் முகத்தைப் பாத்தா வராது, லோரி."

"எனக்கும் முட்டி போயி ரெண்டு வருஷமாச்சு. உன் மனசு நோகுமேன்னு நானும் வாயைத் திறக்கல."

இத்வால் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு கழுதைங்க" என்றார். லோரி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இலையுதிர் காலத்தில் மேல்சரிவை எனக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நாற்பது ஆடுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இத்வால் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டால், "இப்போதைக்குத் தூங்கவிடுய்யா" என்பார்.