மேடம் உள்ளே இருக்காங்க

கல்யாணப் புடவைகளுக்கு மடிப்பு வைத்துக் கொடுப்பது என் தொழில். கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரி போட்டு, பின் குத்திப் பெட்டியில் வைத்துவிட்டால் மணப்பெண் நொடியில் கட்டிக்கொள்ளலாம். ஆந்திராவில், எங்கள் பீமவரத்தில் இப்போது இது இல்லாமல் கல்யாணம் கிடையாது.

அதற்கு முன்பு ஜூனியர் காலேஜில் இயற்பியல் நடத்தினேன். மனைவி ஹைமா இறந்த பிறகு கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றுவிடுவேன். பேச்சு வராது. மாணவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் பொறுக்கவில்லை.

மடிக்கக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. புடவை கட்டாமல் வெளியே வரவும் மாட்டாள். நான் மடித்தேன்.

"இது முந்தானையா, விசிறியா?" என்பாள். மறுபடி மடிப்பேன்.

அவள் போனபின் அலமாரியில் இருந்த புடவைகளை எடுத்து மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். வேறு வேலை இல்லை. ஊரில் இதற்கு விடாமுயற்சி என்று பெயர்.

அதைத் தொழிலாக்கியது அவள் தம்பி சத்திபாபு. செல்போன் கடையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். 'ஹைமா சாரீ ப்ளீட்டிங்' என்று பலகை மாட்டினான்.

"உங்க பேரைப் போட்டா எவ புடவை குடுப்பா பாவா? கல்யாணப் புடவை. சுமங்கலி கை படணும்னு பார்ப்பாங்க. பெண்டாட்டி செத்த வீடுன்னு தெரிஞ்சா பலகையைக் கழட்டி அடுப்புல வைக்க வேண்டியதுதான். நான் திரும்பிப் போனா அந்தக் கடைக்காரன் வாசல்லயே நிக்க விடமாட்டான்."

எனவே ஃபோன் வந்தால் அவன்தான் எடுப்பான். "மேடமா? உள்ள இருக்காங்க. புடவை மடிச்சிட்டிருக்காங்க."

முதல் பாதி பொய் இல்லை. அவள் படம் உள்ளறையில்தான் இருந்தது.

மாக மாத முகூர்த்தங்கள் நெருங்கியபோது மாணிக்யம்மா வீட்டுப் புடவை வந்தது. ஊரில் பாதி இறால் குட்டைகள் அவர்களுடையவை. அவர் நல்லது என்றால் ஊர்ப் பணக்காரர்களான ராஜுக்கள் வீட்டுப் புடவைகள் அத்தனையும் எங்களிடம் வரும். வேண்டாம் என்றால் ஒன்றும் வராது.

பெட்டியை வாங்கிப்போக டிரைவரை அனுப்பவில்லை. அவரே வந்தார். கையில் தட்டு. மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி.

"மேடத்துக்கு என் கையால பொட்டு வெச்சுட்டுத்தான் புடவையை எடுப்பேன்."

"மேடத்துக்குக் காய்ச்சலுங்க," என்றான் சத்திபாபு.

"காய்ச்சல்னா பொட்டு ஒட்டாதா?"

"இல்லைங்க... குளிச்சிட்டிருக்காங்க."

"காய்ச்சலோடயா? நல்ல பொம்பளை!" மாணிக்யம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குளிச்சிட்டு நிதானமா வரட்டும். இன்னைக்குக் குட்டையில வலை போடல. எனக்கென்ன அவசரம்?"

சத்திபாபு என்னைப் பார்த்தான். அடுத்த பொய் அவனிடம் இல்லை. என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.

"உள்ள வாங்க," என்றேன்.

படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தட்டு கையிலேயே இருந்தது.

"எப்போ?"

"போன வருஷம், சங்கராந்திக்கு முன்னாடி."

"அப்போ மடிச்சது?"

"நான்தான்."

வெளியே வந்து பெட்டியைத் திறந்தார். மடிப்பின் மேல் விரலை ஓட்டினார். சத்திபாபு சுவரில் சாய்ந்துகொண்டான். பெட்டி எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டாரு, பொட்டோடதான் போனாளா?"

"ஆமாங்க." ஸ்டிக்கர் பொட்டு என்று சொல்லவில்லை.

"மெட்டி?"

"கழட்டல."

"பூ வெச்சு அனுப்புனீங்களா?"

"வெச்சாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட பாவிங்களா! பேரண்டாலை, சுமங்கலியாப் போன தெய்வத்தை, வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டுக் காய்ச்சல், குளியல்னு கதை விடறீங்க! புருஷன் இருக்கும்போதே பொட்டோட போற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? உசுரோட இருக்கற சுமங்கலி நாளைக்கு என்ன ஆவாளோ, யார் கண்டா? இவளுக்கு இனிமே அந்த பயமே இல்ல."

உள்ளே போய்ப் படத்தின் கண்ணாடியில் நெற்றி இருக்கும் இடமாகப் பார்த்துக் குங்குமம் அப்பினார். ரவிக்கைத் துணியைப் படத்தின் முன்னால் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க பொண்ணுக்கும் உன் யோகத்தைக் குடும்மா."

மணப்பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது என்று கேள்வி.

போகும்போது என்னிடம் சொன்னார். "நீங்க குடுத்து வெச்சவரு மாஸ்டாரு."

"நன்றிங்க," என்றேன்.

அடுத்த வாரமே ராஜுக்கள் வீட்டுப் புடவைகள் வந்தன. பிறகு மற்றவர்கள். இப்போது யாரும் மேடம் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. இல்லை என்பதுதான் எங்கள் விளம்பரம். சத்திபாபு படத்தை முன்கூடத்துக்கு மாற்றிவிட்டான். எனக்குக் கீழே மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு சங்கத்தில் சால்வை போர்த்தி, தொழில் மாறி ஜெயித்தவர் என்று பேசினார்கள். பழைய பிரின்சிபால் தன் மகளின் முகூர்த்தப் புடவையோடு வந்தார்.

"உன்கிட்ட ஒரு விடாமுயற்சி இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்பா."

அவரும் பொட்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் கடை அடைக்கும்போது படத்தின் கண்ணாடியில் அவள் முகம் தெரியாது. அவ்வளவு குங்குமம். ஈரத்துணியால் துடைப்பேன். சத்திபாபுவுக்கு அது பிடிக்காது.

"இருக்கட்டும் விடுங்க பாவா. காலையில வர்றவங்க பார்க்கணும். எவ்வளவு பொட்டோ அவ்வளவு நம்பிக்கை."

"உங்க அக்காவுக்குக் குங்குமம் அரிக்கும்டா," என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன்.