செடி இல்லாத தொட்டி

ஹம்சா பழைய கரண்டியால் மண்ணைக் கிளறினாள். டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் பால்கனியில் மழைக்காலம் முழுவதும் செடியில்லாமல் கிடந்த இரண்டு தொட்டிகள். சணல் நாரையும் சோளமாவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்திய தகட்டுத் துண்டுகளை அவற்றில் புதைத்திருந்தாள். கதவோரத் தொட்டியில் காமா கதிர் பட்டவை. ஏர்கூலருக்குப் பின்னால் இருந்ததில் படாதவை. கதிர் அளவாகப் பட்டால் நாரும் பிளாஸ்டிக்கும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். மீறினால் தகடு அப்பளம்போல் நொறுங்கும். அந்த அளவைக் கண்டுபிடிக்கவே ஆராய்ச்சியின் பாதிக் காலம் போயிற்று. பலம் கூடியதைச் சோதனை இயந்திரம் காட்டிவிட்டது. ஆனால் அந்தப் பலத்தால் தகடு மண்ணில் மக்காமலே கிடந்தால், உலகத்துக்கு இன்னொரு பிளாஸ்டிக், அவ்வளவுதான். முதலில் இன்ஸ்டிட்யூட் தோட்டத்தில் புதைத்தவற்றை நாய்கள் தோண்டிப் போட்டன. திங்கட்கிழமை ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன் நிற்க வேண்டும். மறுபடி புதைக்க அவகாசம் இல்லை.

கதவோரத் தொட்டியிலிருந்து வந்த துண்டு கறுத்துக் குழைந்திருந்தது. விரல் பட்டதும் ஊறிய வாழைச் சருகாகப் பிரிந்தது. அவள் சிரிக்கவில்லை. இன்னொன்றைத் தேடி எடுத்தாள். அதுவும் மக்கியிருந்தது. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"மொளைச்சுடுத்தாடி?" அம்மா வைதேஹி டம்ளரும் கையுமாகக் கதவருகே நின்றாள்.

"என்னது?"

"கருவேப்பிலை வெதை போட்டிருக்கேன்னு நெனைச்சுண்டேன். நீதான் வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டியே. மிஞ்சின புளிச்ச மோரையெல்லாம் இதுக்குத்தான் ஊத்திண்டு வரேன். டெல்லி மண்ணுல அதில்லாம கருவேப்பிலை வந்துடுமா?"

ஹம்சா விரலை முகர்ந்தாள். புளித்த வாடை.

"ரெண்டுக்குமா ஊத்தினே?"

"கூலரைத் தாண்டி என் இடுப்பு வளையறதா? இதுக்கு மட்டுந்தான்."

"செடியில்லம்மா, எக்ஸ்பெரிமெண்ட். ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தான் கணக்கு."

"அச்சா. அப்போ அதைப் பட்டினி போட்டுட்டேன்னு சொல்லு."

தகட்டை மக்க வைத்தது மண்ணா, மோரா? இனி யாராலும் சொல்ல முடியாது. மோர் ஊற்றிய விஷயமோ இந்தப் பால்கனிக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

உள்ளே போன் அடித்தது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு. துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள்.

"ஹாஞ்ஜி சார். நிகால் லியா," என்றாள். தோண்டி எடுத்தாயிற்று.

மக்கியிருக்கிறதா என்று அவர் ஹிந்தியில் கேட்டார்.

ஹம்சா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்மா கூலரை இடுப்பால் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் குனிந்து, டம்ளரில் இருந்த மோரை, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், இரண்டாவது தொட்டியில் ஊற்றினாள்.