ஆறு கார்களுக்கு இடம்

இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் மூன்றாவது விரிப்பை நஜ்வா வெட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். நகராண்மைக் கழகத்து அதிகாரியம்மா புவான் ரோஸ்னா. பதினோரு மணிக்குக் கடையைப் பார்வையிட வருகிறாராம், ஞாபகப்படுத்துகிறாராம்.

இன்று வேண்டாம் என்று ஒரு வரி தட்டியிருக்கலாம். அத்தா விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போய் மூன்று மணி நேரமாகிறது. எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார். ஆனால் நஜ்வா தட்டவில்லை.

"லாத்தா, அவங்கள வர வேணாம்னு சொல்லிட்டியா?" என்று தம்பி மாஹிர் கதவருகில் வந்து கேட்டான். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் பிடித்துக் கைலியெல்லாம் நனைந்திருந்தது.

"சொல்லல."

"அலமாக்! இன்னிக்கா லாத்தா? ஆளுங்க என்ன நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனச்சுக்கட்டும். இன்னிக்கு விட்டா கழகத்தோட அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு. பக்கத்துக் கடைக்காரரு மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன்னுட்டாரு. எட்டு மாசமா அத்தா ஒரு நாளு விடாம கேட்ட தேதிடா இது."

மாஹிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனான்.

மலேசியாவின் மூவாரில் அந்தத் தெருவுக்கு வந்தவர்கள் யாரும் அத்தா லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடையைத் தாண்டிப் போனதில்லை. கீழே கடை, மேலே வீடு. கடைக்குப் பேர் இருந்த அளவுக்கு அதன் அடுப்படிக்குக் காற்று இல்லை. முப்பத்திநான்கு வருஷமாக ஜன்னல் இல்லாத பின்கட்டில் நின்று கிண்டியவர் அவர். "கறி வேகுறதுக்கு முன்னாடி நாம வெந்துடுறோம்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்புதான், ஆனால் போன வருஷம் சமையல்காரர் வேலு அடுப்பு முன்னாலேயே மயங்கி விழுந்தபோது சிரிப்பு நின்றுபோனது. பக்கத்துக் கடையை எடுத்து, ஜன்னல் வைத்து, அடுப்படியை அங்கே மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கழகம் சும்மா விடுமா? பக்கத்துக் கடை காகிதத்தில் கிடங்கு. அதில் அடுப்பு மூட்ட விதிவிலக்கு வேண்டும். பழைய அடுப்படி சாப்பிடும் இடமாகிவிட்டால் நாற்காலி கூடும், நாற்காலி கூடினால் கார் கூடும். ஆகவே இன்னும் ஆறு கார்கள் நிற்க இடம் காட்டு, இல்லையென்றால் அதற்கும் விதிவிலக்கு வாங்கு. விதிவிலக்குக்கு அக்கம்பக்கத்தார் சம்மதிக்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்க்கடை முருகப்பன் செட்டியார் மட்டும் ஆட்சேபம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவரும் அத்தாவும் நான்கு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

பத்தரை மணிக்கு நஜ்வா மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தாள். தங்காக்கிலிருந்தும் லாபிஸிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாகக் கார்கள். மூன்றாவது வரிசைக்கு ஒரு வேன் முட்டிக்கொண்டு நின்றது. லாரிக்காரன் ஒருவன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. இந்தக் கடைக்கு வண்டி நிறுத்த இடமே கிடையாது என்று புவான் ரோஸ்னாவுக்குப் படம் பிடித்துக் காட்ட இதைவிட நல்ல நாள் வருமா? யா அல்லாஹ், அத்தாவின் மவுத்தே அத்தாவின் மனுவைக் கெடுக்கப் போகிறதே என்று நினைத்தாள். இப்படி நினைக்கிற தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அப்போதுதான் எதிர்க்கடைக்குப் பக்கத்திலிருந்த காலி மனையின் சங்கிலி விழும் சத்தம் கேட்டது. செட்டியாருடைய பழைய கிடங்கை இடித்த மனை. வருஷக்கணக்காகப் பூட்டியே கிடப்பது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கிழவர் தெரு நடுவில் நின்றார். தோள் துண்டை எடுத்து வீசி, "உள்ள வாங்க, உள்ள வாங்க, ரிவர்ஸ் போடு லா!" என்று ஒவ்வொரு வண்டியாக மனைக்குள் விட்டார். கால்மணி நேரத்தில் தெரு காலியாகிவிட்டது.

நஜ்வா கீழே இறங்கி ஓடினாள். "செட்டியார் அங்கிள்..."

"நீ மேல போ ஆத்தா. ஒங்க அம்மாகூட இரு" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமலே. அடுத்த காருக்குக் கை காட்டினார்.

சரியாகப் பதினோரு மணிக்குப் புவான் ரோஸ்னா அளக்கும் நாடாவும் கோப்புமாக வந்தார். கடை முன்னால் உடலைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "தக்சியா, தக்சியா" என்று அனுதாபம் சொல்லி நஜ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் சொல்லவில்லை, வேறு நாள் வைத்திருக்கலாமே என்று மலாயில் கடிந்துகொண்டார்.

"அப்பா இந்த நாளுக்காகக் காத்திருந்தார் புவான்" என்றாள் நஜ்வா.

அதிகாரி தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எதிரே நிரம்பியிருந்த மனையைப் பார்த்தார். "அந்த நிலம் யாருடையது? அதில் ஆறு இடம் ஒதுக்கி உரிமையாளர் எழுதித் தந்தால், வண்டிக்கு விதிவிலக்கே தேவைப்படாதே. கிடங்குக்கு மட்டும் கேட்டால் போதும்."

யாருடையது என்று நஜ்வா சொன்னாள். அதிகாரி கோப்பைப் புரட்டி அந்த இரண்டு பக்கக் கடிதத்தைப் பார்த்தார். சத்தமில்லாமல் மூடினார். மதியம் ளுஹர் தொழுதுவிட்டு மறுபடி வருகிறேன், அதற்குள் பேச முடிந்தால் பேசுங்கள் என்றார். சாவு வீட்டு வாசலில் நின்று ஒருவரிடம் நிலத்தை எப்படிக் கேட்பது? அதுவும் காலையிலிருந்து வெயிலில் நின்று உதவிக்கொண்டிருப்பவரிடம்? நஜ்வாவால் முடியவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு அத்தாவின் மய்யித்தைச் சந்தூக்கில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன் மகன் பேச வேண்டும். மாஹிர் கடைப் படியில் ஏறி நின்றான்.

"எங்க அத்தா இத்தன வருஷம் ஒங்களோட பழகியிருக்காங்க. பேச்சுலயோ நடத்தையிலயோ யாரு மனசாவது நோகும்படி நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம், மன்னிச்சோம்" என்று கூட்டம் முணுமுணுத்தது. வழக்கமாக அதோடு முடிந்துவிடும். ஆட்கள் சந்தூக்கைத் தூக்கக் குனிந்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணு இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து முருகப்பன் செட்டியார் கையைத் தூக்கியபடி முன்னே வந்தார். அது வாய்க்கு வரும் சம்பிரதாயப் பேச்சு, யாரும் எழுந்து பதில் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டார்கள், அதனால் சொல்ல வந்துவிட்டார். யாரோ அவர் தோளைத் தொட்டு, "அண்ணே, அப்புறம்..." என்றார். அவர் கேட்கவில்லை.

"நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு வெள்ளிக்கெழம எங்க வீட்டுல அன்னபூரணிக்குக் கை கால் இழுத்துகிச்சு. ஆம்புலன்ஸ் வந்துச்சு. என் வாசல்ல பாய் கடைக்கு வந்த காரு நிக்குது. அஞ்சு நிமிஷந்தானேன்னு நிப்பாட்டச் சொன்னதே பாய்தான். ஆள தேடிப் புடிச்சு காரை எடுக்க இருவது நிமிஷம் ஆச்சு. அவளுக்கு எடது கை போனது போனதுதான்."

மாஹிர் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாய் வந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல. மறுநாள் காலையில ஒரு தூக்குல இடியாப்பமும் சொதியும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. நாலு வருஷம். ஒரு நாளு தவறல. அவளால ஒரு கையால பிச்சுச் சாப்புட முடியுறது அது ஒண்ணுதான். நான் ஒரு நாளு நன்றி சொல்லல. அதச் சாப்புட்டுகிட்டேதான் ஆட்சேபக் கடுதாசியும் எழுதுனேன்." அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இன்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூக்கு வரல. அப்பதான் அன்னபூரணி சொன்னா, பாய்க்கு என்னமோ ஆயிருச்சு, போய்ப் பாருங்கன்னு."

சந்தூக்கின் பக்கம் திரும்பினார்.

"பாய மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. சொல்லல, அவ்வளவுதான். ஆனா நான் பாய்கிட்ட கேக்கணுமே. அதுக்கு இப்ப யாரு பதில் சொல்லுவா?"

மாஹிர் வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. அப்போது மாடிப்படித் திரைக்குப் பின்னாலிருந்து உம்மா மஹ்மூதாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"நாங்க இருக்கோம் அண்ணே. மன்னிச்சாச்சு. தூக்கு நாளைக்கு வரும்."

செட்டியார் திரையைப் பார்த்துக் கை கூப்பினார். சந்தூக்கைத் தூக்கியபோது முன்பக்கம் மாஹிருக்குப் பக்கத்தில் ஒரு தோள் அவருடையதாக இருந்தது. இதோ இந்த மனிதர் அத்தாவைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பார்த்தபோதுதான் நஜ்வா முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். துக்கம் பாதி என்றால் நன்றி பாதி. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். இரண்டேமுக்காலுக்குக் கீழே பேச்சுக் குரல் கேட்டு இறங்கி வந்தாள்.

கார்கள் எல்லாம் போய் மனை காலியாகக் கிடந்தது. புவான் ரோஸ்னா கோப்பைக் கார் மேல் விரித்து வைத்திருந்தார். அதில் செட்டியாரின் கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை; காலையில் அதிகாரி சொன்னது தெருவில் நின்றவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மையவாடியிலிருந்து நேராக வந்து, எங்கே எழுதணும் என்று அவராகக் கேட்டாராம். ஆட்சேபக் கடிதத்தின்மேல் குறுக்கே ஒரு கோடும் போட்டிருந்தார்.

"அளவு குறித்துவிட்டால் இன்றே அனுப்பிவிடுவேன். நாடாவின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டும்" என்றார் அதிகாரி.

அப்போதுதான் வந்திறங்கிய மாஹிர் எதுவும் கேட்காமல் முனையை வாங்கிக்கொண்டான். முழங்கை வரை செம்மண். குழிக்குள் இறங்கி அத்தாவை வாங்கி வைத்தவன் அவன்தான். குந்தி உட்கார்ந்து நாடாவைத் தரையில் அழுத்தினான். நீளம் ஐந்து மீட்டர், அகலம் இரண்டரை. அதிகாரி சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். ஒன்று. நகர்ந்தான். இரண்டு. அவன் கை வைத்த இடத்திலெல்லாம் மண் ஒட்டியது.

மூன்றாவதை அளந்ததும் மாஹிர் எழுந்திருக்கவில்லை. குழியைப் போல நீளமாக வரைந்திருந்த அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. நஜ்வா அவனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் செட்டியார் முந்திக்கொண்டார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முட்டி சத்தம் போட மெல்ல அவன் பக்கத்தில் குந்தினார். அவன் விரல்களிலிருந்து நாடாவின் முனையைப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

"அடுத்தது எங்க வைக்கணும்னு சொல்லுங்க புவான்" என்றார்.